இரு எழுத்துகள், ஓர் ஆய்வாளர்

நுழையும் முன்

தில்லியில் பெரோஸ் ஷா கோட்லா என்னும் கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே, அடுக்கடுக்காய் எழுந்த கட்டடம் ஒன்றின் உச்சியில் வழவழப்பான கல்தூண் ஒன்று நிற்கிறது. அதற்கு அடுத்துள்ள கிரிக்கெட் மைதானத்தை நம்முள் பலர் அறிவோம், தூணை அறியோம். அது அசோகர் காலத்துத் தூண். பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அதனைத் தோப்ரா என்ற ஊரிலிருந்து பெயர்த்து, யமுனை வழியே படகில் ஏற்றித் தில்லிக்குக் கொணர்ந்தார். அதில் எழுதியிருப்பது யாது என அறிய விரும்பினார். படித்துச் சொல்ல அந்நாளில் ஒருவரும் இல்லை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1837இல், ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் அவ்வெழுத்தைப் படித்தார். பிராமி என்று நாம் இன்று வழங்கும் எழுத்து அதுவே.

சென்ற ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்ணாந்து பார்த்தபடியே, "ஐயா, இதில் தமிழ் இருக்கிறதா?" என்று கேட்டாள். தூணில் உள்ள மொழி பிராகிருதம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் இதே எழுத்தைத் தமிழின் ஒலிக்கேற்பத் திருத்தி, மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனைத் தமிழ்-பிராமி என்றும் தமிழி என்றும் அழைப்பர். அக்கல்வெட்டுகளைப் படிப்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஐராவதம் மகாதேவனைப் பற்றியது இப்பாடம்.

அலுவலகத்திற்கு அப்பால்

மகாதேவன் 1930ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தார். திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். கல்லூரியில் பயின்றது வேதியியல்; அதன்பின் சட்டம். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். வரலாற்றிலோ தொல்லியலிலோ அவர் பட்டம் பெற்றவர் அல்லர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் பதவி வகித்தவரும் அல்லர். ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே, கிடைத்த விடுமுறைகளில் குன்றேறிக் கல்வெட்டுப் படித்தவர். தில்லியில் மைய அரசுப் பணியிலும் சில ஆண்டுகள் இருந்திருக்கிறார்.

குகைக் கல்வெட்டுகளின்பால் அவரைத் திருப்பியவர் மூத்த வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாத்திரியார். தமிழகத்துக் குன்றுகளில் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பவை அந்நாளில் அறிஞர்க்குப் பெரும் புதிராக இருந்தன. எழுத்து ஓரளவு தெரிந்தது. படித்தால் பொருள் வரவில்லை.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டை ராபர்ட் சீவெல் கண்டது 1882இல். அதன்பின் நெடுங்காலம் அவற்றின் மொழி பாலியோ பிராகிருதமோ என்றே கருதி வந்தனர். அவை தமிழே என்று 1924இல் காரணம் காட்டி உரைத்தவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்கு உரிய ஒலிகளுக்கு அங்கே தனி வடிவங்கள் இருப்பதை அவர் சுட்டினார். அந்தப் பெருமை அவருக்கே உரியது. மகாதேவன் பெயரைச் சொல்லும்போது ஐயரை மறந்துவிடுதல் நம்மிடம் உள்ள ஒரு வழக்கம், அது வேண்டா. ஐயர் திறந்த வழியில் நாற்பது ஆண்டுகள் கழித்து நடந்து, எல்லாக் கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்து ஒழுங்குமுறை கண்டவர் மகாதேவன்.

பொருள் வராமற்போனது ஏன்?

இதனை நீங்கள் தாளில் எழுதிப் பார்த்தால்தான் விளங்கும். அசோகர் கால பிராமியில் ஒவ்வொரு மெய்யெழுத்து வடிவத்திலும் அகரம் அடங்கியிருக்கிறது. 'க' வடிவத்தை எழுதினால் 'க' என்றே ஒலிக்கும். பக்கவாட்டில் ஒரு சிறு கோடு இட்டால் அது 'கா' ஆகும். வடமொழிக்கும் பிராகிருதத்திற்கும் இது பொருந்தும். தமிழிலோ சொற்கள் பெரும்பாலும் மெய்யில் முடிகின்றன: மகன், ஊர், கல், நாள். அகரம் அடங்கிய வடிவத்தைக் கொண்டு 'ன்' என்பதை எழுதுவது எப்படி?

பழந்தமிழர் கண்ட தீர்வுகளுள் மிகப் பழையது இது. கோடு இடாத வடிவம் வெறும் மெய். கோடு இட்ட வடிவம் அகரமோ ஆகாரமோ ஏறிய உயிர்மெய். இம்முறையில் 'மகன்' என்று எழுத வேண்டுமானால், ம வடிவத்திற்கு ஒரு கோடு, க வடிவத்திற்கு ஒரு கோடு, ன வடிவத்திற்குக் கோடு இல்லை. இதனை அசோகர் கால முறைப்படி படிப்பவர் என்ன படிப்பார்? 'மாகான' என்று படிப்பார். அப்படி ஒரு சொல் தமிழிலும் இல்லை, பிராகிருதத்திலும் இல்லை. பொருள் வராமற்போனதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இம்முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. குறிலா நெடிலா என்பதை வடிவம் காட்டாது. படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டும். அடுத்த நிலையில், கோடு ஆகாரத்திற்கு மட்டும் உரியதாயிற்று. கோடு இல்லாத வடிவம் மெய்யாகவும் இருக்கலாம், அகரம் ஏறியதாகவும் இருக்கலாம். பின்னரே மெய்யின்மேல் புள்ளி வந்தது. தொல்காப்பியம் மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று விதிப்பதை மேல் வகுப்பில் படிப்பீர்கள். இன்று நீங்கள் குறிப்பேட்டில் அவசரமாக எழுதும்போது விட்டுவிடுகிறீர்களே, அந்தப் புள்ளிதான். நான் சிவப்பு மையால் திருத்துவது வெறும் கண்டிப்பினால் அன்று.

இந்த மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்தி, எந்தக் கல்வெட்டு எந்த நிலையைச் சார்ந்தது என்று மகாதேவன் வகுத்தார். எழுத்தின் நிலையைக் கொண்டு காலத்தை மதிப்பிடவும் அது துணைநின்றது.

பாறையில் மன்னர்

1965ஆம் ஆண்டு அளவில் அவர் படித்த இரு கல்வெட்டுகள் தமிழறிஞரைத் திகைக்க வைத்தன. ஒன்று, முன்னே சொன்ன மாங்குளம். அதில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் உள்ளது. அவனுடைய பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தன் என்னும் சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் அங்கே கொடை அளித்த செய்தியும் அக்குன்றில் காணப்படுகின்றன. மற்றொன்று கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ளது. அங்கே ஆதன் சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேர மரபின் மூன்று தலைமுறை ஒரே பாறையில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளது.

இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். செழியன், இரும்பொறை, கடுங்கோ என்னும் பெயர்களைச் சங்க நூல்கள் வாயிலாக மட்டுமே அறிந்திருந்தோம். ஏட்டில் எழுதி, எழுதிய ஏட்டைப் படியெடுத்து, படியை மறுபடி எடுத்து நம் கைக்கு வந்த நூல்கள் அவை. அப்பெயர்கள் பிற்காலப் புலவரின் கற்பனையாக இருக்கலாம் என்று ஐயுற்றோரும் இருந்தனர். பாறையோ படியெடுக்கப்படுவதில்லை, வெட்டிய கை வெட்டியபடியே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் இரும்பொறை மரபினரோடு புகளூர்ப் பெயர்களை மகாதேவன் ஒப்பிட்டுக் காட்டியபோது, இலக்கியமும் கல்லும் ஒன்றுக்கொன்று சான்றாயின.

1966இல் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை அவர் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் இங்கே தெற்குத் தில்லியில், பாகாபூர் என்னுமிடத்துப் பாறையில் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை; ஆயினும் அவ்வழியே பேருந்தில் செல்லும்போதெல்லாம் எனக்கு அவ்வாண்டு நினைவுக்கு வரும்.

எழுத்தின் வடக்கும் தெற்கும் மெய்யாகவே சந்தித்த இடம் வேறொன்று உண்டு. தம் எல்லைக்கு அப்பால் தெற்கே உள்ளவர்களாக அசோகர் தம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் 'சத்தியபுத்திரர்' என்றும் ஒருவரைக் குறிக்கிறார். இவர் யார் என்பது நெடுநாள் வழக்கு. 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பை என்னும் ஊரின் குன்றில், அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயருக்கு முன் அதே பட்டத்தைத் தாங்கிய தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று நீங்கள் கதையாகப் படித்த அந்த அஞ்சியின் குடி, அசோகரின் கல்வெட்டில் இடம்பெற்ற குடி!

படிக்கப்படாத எழுத்து

இப்போது ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திற்கு வாருங்கள். சிந்துவெளிக் கூடத்தில், நடன மங்கை சிலையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதை விட்டுச் சற்று விலகினால் அஞ்சல்தலை போன்ற சிறு முத்திரைகளைக் காணலாம். விலங்கின் உருவம் ஒன்று. அதன்மேல் ஒரு வரியில் சில குறிகள். ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை உடையவை. இவற்றை யாரும் இன்னும் ஐயமறப் படிக்கவில்லை.

தமிழ்-பிராமித் தொகுப்பு வெளிவந்தபின் மகாதேவன் கை வைத்தது இதில்தான். 1970இல் அவருக்கு ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. அந்நல்கைக் காலத்தில் அவர் செய்த வேலை, கேட்பதற்குச் சலிப்பூட்டுவது: எண்ணுதல். கிடைத்த எழுத்துடைப் பொருள்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் திரட்டி, குறிகளுக்கு எண் இட்டு, எந்தக் குறி எதன் பக்கத்தில், வரியின் தொடக்கத்திலா இடையிலா இறுதியிலா, எத்தனை முறை வருகிறது என்று பட்டியல் இட்டார். மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி இதற்கு உதவியது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை தன் 77ஆம் நினைவேட்டு வெளியீடாக அதனை நூலாக்கிற்று. 2,906 பொருள்கள், 3,573 வரிகள், 13,372 குறிப்பதிவுகள், அவற்றுள் வேறுபட்ட குறிகள் 417.

இந்த 417 என்னும் எண்ணே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒலிக்கு ஓர் எழுத்து என்னும் முறையாயின் இத்தனை வேண்டியதில்லை. சொல்லுக்கு ஓர் எழுத்து என்னும் முறையாயின் இத்தனை போதா. ஆகவே சில குறி சொல்லையும் சில குறி அசையையும் குறிக்கும் கலப்பு முறையாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இவ்வெழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது என்பதும் உறுதியாயிற்று. காலிபங்கனில் கிடைத்த பானை ஓட்டில், பின்னர்க் கீறிய கோடு முன்னர்க் கீறியதை வெட்டிச் செல்வதைப் பார்த்துத் தொல்லியலாளர் பி.பி. லால் அதனை விளக்கினார். தில்லிப் புராணா கிலாவில் அகழாய்வு செய்தவரும் அவரே.

மாயர் எழுத்திலிருந்து ஒரு பாடம்

நடு அமெரிக்காவின் மாயர் எழுத்தும் இவ்வாறே நெடுங்காலம் ஊமையாக இருந்தது. அதற்கு வழி கண்டவர் யூரி கினோரோசோவ் என்னும் சோவியத்து அறிஞர். தம் முதுமை வரை மாயர் நாட்டை நேரில் காண வாய்க்காதவர். லெனின்கிராடில் நூல்களோடு அமர்ந்தே 1952இல் தம் கருத்தை வெளியிட்டார். பதினாறாம் நூற்றாண்டில் தியேகோ தெ லாந்தா என்னும் ஸ்பானியப் பாதிரியார் மாயர் 'அகரவரிசை' என்று எழுதிவைத்த குறிப்பு ஒன்று இருந்தது. மாயர் ஏடுகளைத் தீயிட்டவரும் அவரே என்பது வரலாற்றின் விந்தை. அக்குறிப்பில் இருப்பவை தனி எழுத்துகள் அல்ல, அசைகள் என்று கினோரோசோவ் உணர்ந்தார். எரிக் தாம்சன் என்னும் பெரும் அறிஞர் இறுதிவரை ஏற்கவில்லை. ஆயினும் அவ்வழியே சென்றோர் இன்று மாய மன்னர்களின் பிறப்பையும் போரையும் கல்லில் படிக்கின்றனர்.

இதே கினோரோசோவ் 1960களில் ஒரு குழுவோடு சிந்துவெளிக் குறிகளையும் கணினி கொண்டு ஆராய்ந்தார். அம்மொழி திராவிட மொழியாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்லாந்தின் அஸ்கோ பர்போலாவும் மகாதேவனும் தனித்தனியே அதே திசையில் சிந்தித்தவர்கள். ஆனால் மாயர் எழுத்தைத் திறந்த அவருக்கே இது திறக்கவில்லை. ஏன்? மாயருக்கு லாந்தாவின் குறிப்பு இருந்தது. நீண்ட வாசகங்கள் இருந்தன. இன்றும் பல இலட்சம் பேர் பேசும் மாய மொழிகள் உள்ளன. சிந்துவெளியில் ஒரு வரியின் சராசரி நீளம் ஏறத்தாழ ஐந்து குறிகள். இருமொழிக் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதிய ஐந்து எழுத்துத் துண்டுகளைக் கொண்டு நம் மொழியின் இலக்கணத்தை ஒருவர் எழுத வேண்டுமானால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தெரியாது என்று சொல்லுதல்

நம் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு செய்தி வருகிறது: சிந்துவெளி முத்திரைகள் தமிழில் படிக்கப்பட்டுவிட்டன என்று. ஒருமுறை அதே வாரத்தில், அவை வடமொழியே என நிறுவும் காணொளி ஒன்றையும் வேறொருவர் அனுப்பினார். இரண்டையும் பார்த்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "எது உண்மை, ஐயா?" என்றான். ஊரை விட்டு இவ்வளவு தொலைவில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, முதலாவதே உண்மை என்று சொல்ல ஆசை இல்லாமல் இல்லை. இரண்டும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்றேன்.

மகாதேவன் இந்த ஆசையோடுதான் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். சிந்துவெளி மொழி திராவிடம் என்பது அவர் உறுதியாகக் கொண்ட கருத்து. சில குறித்தொடர்களுக்குப் பொருளும் முன்மொழிந்தார். தம் முந்தைய விளக்கங்கள் சிலவற்றைப் பின்னர் மாற்றியும் கொண்டார். ஆனால் எழுத்து முழுவதையும் படித்துவிட்டேன் என்று அவர் ஒருநாளும் கூறவில்லை. மறுபுறம், இக்குறிகள் மொழியையே குறிப்பன அல்ல என்று 2004இல் மேனாட்டு அறிஞர் மூவர் வாதிட்டபோது அதனையும் மறுத்தார். 2009இல் ராஜேஷ் ராவ் முதலிய கணித, கணினி அறிஞரோடு அவர் இணைந்து வெளியிட்ட கட்டுரை, குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு தென்படுவதைக் காட்டியது. அக்கணக்கிற்கு அடிப்படையாக அமைந்தது அவருடைய 1977ஆம் ஆண்டுத் தொகுப்பே.

அவர் தவறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டியபோது, கீறல்கள் உள்ள கற்கோடரி ஒன்று கிடைத்தது. அவற்றைச் சிந்துவெளிக் குறிகள் என்று படித்த மகாதேவன், இதனை மிகப் பெரிய கண்டுபிடிப்பாகப் பாராட்டினார். அவை எழுத்துத்தானா என்று பிறர் ஐயுற்றனர். இங்கே அவர் சற்று விரைந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்-பிராமியின் காலத்தில் நேர்மாறாக நடந்தது. பழனி அருகே பொருந்தலில் எழுத்துப் பொறித்த பொருளோடு கிடைத்த நெல்மணிக்கு, கி.மு. 490 எனக் கரிமக் கணிப்பு வந்தது. தமிழ் எழுத்தின் பழமையைக் கூட்டும் செய்தி, ஊரெங்கும் மகிழ்ச்சி. அசோகர் காலத்திற்குப் பிந்தியதே தமிழ்-பிராமி என்று கருதிவந்த மகாதேவன், ஒரு கணிப்பு போதாது, மேலும் சான்று வேண்டும் என்றார். பின்னர்க் கொடுமணல், கீழடி அகழாய்வுகளிலிருந்தும் பழைய காலக் கணிப்புகள் வந்துள்ளன. வாதம் இன்னும் நடைபெறுகிறது. அவர் கருத்து மாற வேண்டியிருக்கலாம். சான்று கேட்டது தவறாகாது.

மறுபடியும் மலையேற்றம்

1980இல் தாமாகவே ஆட்சிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணி நாளிதழின் ஆசிரியராக இருந்தார். அதன்பின் அறுபது வயதைக் கடந்த நிலையில், இளமையில் ஏறிய அதே குன்றுகளில் மீண்டும் ஏறினார். 1966இல் தாம் படித்தவற்றை நேரில் சரிபார்க்கவே அந்தப் பயணம். கற்படுக்கைகளின் தலைமாட்டிலும், மழைநீர் வடியும் பாறை விளிம்பின் கீழும் வெட்டிய எழுத்துகள் அவை; வெயில் சாயும் கோணத்தைப் பொறுத்தே சில தெரியும், சில மறையும். பழைய பாடங்கள் பல திருத்தம் பெற்றன. 2003இல் தொடக்க காலம் முதல் கி.பி. ஆறாம் நூற்றாண்டு வரையிலான தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய அவருடைய பெருநூலை ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சென்னையின் க்ரியா பதிப்பகமும் இணைந்து வெளியிட்டன. முதல் தொகுப்புக்கும் இதற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள்.

2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் அமையக் காரணமாக இருந்தார். 2018 நவம்பர் 26ஆம் நாள் சென்னையில் காலமானார். சிந்துவெளிக் குறிகளை ஆராய்வோர் இன்றும் அவர் இட்ட எண்களைக் கொண்டே குறிகளைச் சுட்டுகின்றனர்.

சொல்லும் பொருளும்

கற்படுக்கை – துறவியர் படுப்பதற்காகப் பாறையில் சமன்செய்து வெட்டிய இடம். ஆய்வுநல்கை – ஆராய்ச்சிக்கு அளிக்கப்படும் உதவித்தொகை. வழக்கு – (இங்கு) தீராத வாதம். ஐயமற – ஐயம் இல்லாமல்.

பயிற்சி

1. மிகப் பழைய தமிழ்-பிராமி முறையில் எழுதிய ஒரு சொல்லை, அசோகர் கால முறைப்படி படித்தவர் 'நாலாம' என்று படித்தார். உண்மையான சொல் யாது?

2. அவ்வாறே 'காலாம' என்று படிக்கப்பட்ட சொல், 'கலம்' என்றும் 'காலம்' என்றும் பொருள்படலாம். 'கலாம்' என்றும் படிக்க இடமுண்டு. அகராதியில் அதன் பொருளைக் காண்க. மூன்றனுள் எது என்று தீர்மானிக்க, பாறையில் வேறு என்னென்ன சொற்கள் அருகில் இருந்தால் உதவும்? எடுத்துக்காட்டுடன் எழுதுக.

3. மாயர் எழுத்தைப் படிக்க உதவியவற்றுள் சிந்துவெளி எழுத்துக்கு இல்லாதவை எவை?

4. செம்பியன்கண்டியூர்க் கற்கோடரி, பொருந்தல் நெல்மணி ஆகிய இரண்டிலும் மகாதேவன் கொண்ட நிலையை ஒப்பிட்டு உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக. ஆசிரியரின் கருத்தோடு மாறுபடலாம்.

5. விடுமுறையில் பெரோஸ் ஷா கோட்லாவுக்கோ தேசிய அருங்காட்சியகத்திற்கோ சென்று, ஒரு தூணில் அல்லது முத்திரையில் கண்ட குறிகளுள் ஐந்தினைப் பார்த்து வரைக. பக்கத்தில் அவற்றின் பொருளை எழுத வேண்டா.